யம லிங்கத்தைத் தாண்ட மறுக்கும் சீசர்

கணக்கு டீச்சர், திருவண்ணாமலை (ஜனவரி 19)

வணக்கம். நாய் வளர்ப்பவர்களின் இந்தக் குழுவில் இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

என்னிடம் ஒரு லேப்ரடார். ஆண், ஐந்து வயது, பெயர் சீசர். பையன் பெங்களூரில் குட்டியாக வாங்கி வளர்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது மாடி வீடு, இரண்டு பேருக்கும் வேலை, நாய் பால்கனியிலேயே கிடந்தது. "கொஞ்ச நாள் வைச்சுக்கம்மா" என்று கொண்டுவந்து விட்டான். அந்தக் கொஞ்ச நாளுக்கு ஒன்றரை வருஷம் ஆகிறது.

நான் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். வாரத்தில் இரண்டு நாள் கிரிவலம் போவேன். பௌர்ணமியில் போவதில்லை, அன்றைக்கு நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நகர்த்துகிறது. சாதாரண நாளில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் 14 கிலோமீட்டரும் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். எனக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும். துணைக்குச் சீசர் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. இருட்டில் தனியாக நடக்கிறவளுக்கு 41 கிலோ நாய் கூட வருவது ஒரு தைரியம்தானே.

வீடு, கிரிவலப் பாதையின் எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்றான அக்னி லிங்கத்துக்குப் பக்கம். அங்கிருந்து செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டி யம லிங்கம் வரை ஒழுங்காக வருகிறான். மோந்து மோந்து 25 நிமிஷம். யம லிங்கத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்துவிடுகிறான். நாய் உட்காருவதுபோல் இல்லை, அரிசி மூட்டையை இறக்கி வைத்ததுபோல். நாக்கு ஒரு முழம் வெளியே. இழுத்தேன், கெஞ்சினேன், பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தேன். அவ்வழியாகப் போன ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திச் சிரித்துவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் வீட்டுப் பக்கம் திரும்பினால் உடனே எழுந்துவிடுகிறான். அப்போது என்னை அவன் இழுத்துக்கொண்டு வருகிறான்.

சாப்பாடு: காலையில் ஐந்து இட்லி, மதியம் சோறும் கோழியும், ராத்திரி தயிர் சாதம். நான் காபி குடிக்கும்போது பிஸ்கட். பக்கத்து வீட்டுப் பாட்டி மதில் வழியாகப் போடுவது என் கணக்கில் வராது.

தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன். ஊசி போட்ட இடத்தில் கேட்டதற்கு, "லேப்னா இப்படித்தாங்க இருக்கும்" என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. வாரத்துக்கு எவ்வளவு கூட்டினால், எத்தனை வாரத்தில் 14 கிலோமீட்டர் வரும்? கணக்காகச் சொன்னால் புரிந்துகொள்வேன்.


சிவகாசி வேட்டை (ஜனவரி 19)

டீச்சர், தப்பா நினைக்காதீங்க. லேப் சோறு தின்னுட்டுத் தூங்குற சாதி. எங்க வீட்டுல சிப்பிப்பாறை வேட்டை நாய் ரெண்டு. தினம் காலையில டிவிஎஸ் எக்ஸ்எல் பின்னாடி கட்டி அஞ்சு கிலோமீட்டர் ஓட விடுவேன். ஒரு மாசத்துல தம் தானா ஏறிடும். உங்க பக்கத்துல வண்டி ஓட்டுற பையன் யாராச்சும் இருந்தா சொல்லி விடுங்க. ஓடுனா கொழுப்பு கரையும், கரைஞ்சா நடப்பான். இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.


கால்நடை மாணவி (ஜனவரி 19)

மேம், முதல்ல வண்டி பின்னாடி கட்டுறதை மட்டும் செஞ்சுடாதீங்க, ப்ளீஸ். நான் வேப்பேரி கால்நடைக் கல்லூரியில நாலாம் வருஷம் படிக்கிறேன். டாக்டர் ஆகலை, அதனால இதை ஆலோசனையா எடுத்துக்காம உங்க டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வியா எடுத்துக்குங்க.

அஞ்சு வயசு நாய் சீக்கிரம் களைச்சுப் போனா "லேப்னா இப்படித்தான்"னு முடிச்சுட முடியாது. நம்ம ஊர்ல முதல்ல பார்க்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பேபீசியான்னு அதுல ரெண்டு வகை, ரெண்டும் இங்க சகஜம். வெளியே பெருசா ஒண்ணும் தெரியாது. சோர்வு, ஈறு வெளுத்துப் போறது, சில சமயம் மூக்குல ரத்தம். ரத்தப் பரிசோதனையில தட்டணுக்கள் குறைஞ்சிருக்கும். கண்டுபிடிச்சா மருந்து இருக்கு. அடுத்தது தைராய்டு, குண்டு, சோம்பல், முடி மெலியறது எல்லாம் சேர்ந்து இருந்தா பார்க்கணும். இடுப்பு மூட்டையும் கையால அசைச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஓடும்போது முயல் மாதிரி ரெண்டு பின்னங்காலையும் சேர்த்து வைக்கிறானான்னு கவனிங்க.

எடை விஷயம். ஆண் லேப் 29லிருந்து 36 கிலோ வரைக்கும் இருக்கலாம். சீசர் எங்கேயோ போயிட்டான். ஆனா அவனை மட்டும் திட்டாதீங்க மேம். 2016ல கேம்பிரிட்ஜ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. லேப்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு ஒரு மரபணுவுல கோளாறு, அதனால பசி அடங்குறதே குறைவு. அவன் கெஞ்சுறது நடிப்பு இல்லாம நிஜமாவும் இருக்கலாம். கொடுக்காம இருக்க வேண்டியது நம்ம வேலை. இன்னொரு பழைய ஆய்வுல 48 லேப்ரடாரை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஜோடியில ஒண்ணுக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க 25 சதவீதம் குறைவா சாப்பாடு கொடுத்தாங்க. குறைவா சாப்பிட்ட கூட்டம் ஏறக்குறைய ரெண்டு வருஷம் கூடுதலா இருந்துச்சு. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப் போச்சு.

விலா எலும்பைத் தடவிப் பாருங்க. கையை விரிச்சுப் புறங்கையைத் தடவினா எலும்பு எப்படித் தட்டுப்படுதோ அப்படித் தட்டுப்படணும். உள்ளங்கையைத் தடவுற மாதிரி மெத்துன்னு இருந்தா அது கொழுப்பு.


ஓய்வு ஹேண்ட்லர் (ஜனவரி 20)

அம்மா, 23 வருஷம் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவுல இருந்துட்டு வந்தவன். என் கையில வளர்ந்தது மூணு நாய், அதுல ரெண்டு லேப். ரெண்டும் தூங்குற சாதி இல்ல தம்பி சிவகாசி. அதுல ஒண்ணு ராத்திரி ரெண்டு மணிக்குக் கரும்புக் காட்டுல என்னை இழுத்துட்டுப் போய், நான்தான் உட்கார்ந்தேன், அது உட்காரல.

உங்க கேள்வியை நாலு தடவை படிச்சேன். பதில் உங்க எழுத்துலயே இருக்கு. திரும்பினா எந்திரிக்கிறான், உங்களை இழுத்துட்டு வர்றான்னு எழுதியிருக்கீங்க. நிஜமாவே தம் தீர்ந்த நாய் திரும்பும்போது இழுக்காது. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உங்களுக்குப் பின்னாடி வரும், நிழல் கண்ட இடத்துல படுக்கும். உங்க சீசர் ஒரு பாடம் கத்துக்கிட்டான்: "உட்கார்ந்தா வீட்டுக்குப் போகலாம்." சொல்லிக் கொடுத்தது யாரு? டீச்சர்தான். அவன் உட்கார்ந்தான், நீங்க திரும்பினீங்க. தினம் நடந்திருக்கு. ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த டீக்கடையில அவனுக்கு ஏதாச்சும் கிடைக்குதா?

அதுக்காக எல்லாமே நடிப்புன்னு சொல்ல வரல. 41 கிலோ தூக்கிட்டு நடக்கிறான். இளைப்பு நிஜம். பாப்பா சொன்ன ரத்தப் பரிசோதனை முதல்ல. அதுல ஒண்ணும் இல்லைன்னா கீழே எழுதினபடி செய்யுங்க. இது புஸ்தகத்துல படிச்சது இல்ல, நான் செஞ்சது.

இப்ப போகவர 50 நிமிஷம் நடக்கிறான். அதுல இருந்து ஆரம்பிக்காதீங்க. கீழே இறங்குங்க. மொத்தமே 30 நிமிஷம், போறது 15, வர்றது 15. அவன் உட்காரணும்னு நினைக்கிறதுக்கு முன்னாடியே நீங்க திரும்பிடணும். திரும்பி வரணும்ங்கிறது நாய்க்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியணும். போற வழியிலேயே தம் முழுக்கத் தீர்ந்துட்டா 41 கிலோவை யார் தூக்குறது? ரெண்டு வாரம் இப்படியே போகட்டும். நாயும் ஆளும் சண்டை போடாம வீடு திரும்பறதே முதல் பாடம்.

அப்புறம் வாரத்துக்குப் பத்துல ஒரு பங்கு கூட்டுங்க. அதையும் தினம் கூட்டக் கூடாது. வாரத்துல ஒரே ஒரு நாள்தான் நீள நடை. மறுநாள் பாதி. மத்த நாள் சாதாரணமா மோந்துகிட்டுப் போகட்டும். மோப்பம் பிடிக்கிறதும் வேலைதான், அதுலயும் நாய் களைக்கும். நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் குறைச்சுடுங்க. தசை ஏறுறது நடக்கிற நேரத்துல இல்ல, படுத்துக் கிடக்கிற நேரத்துல.

கூட்டலாமா வேணாமான்னு எப்படித் தெரியும்? ரோட்டுல பார்த்தா தெரியாது. ரோட்டுல நாய் சந்தோஷமாத்தான் இருக்கும், எசமான் கூட போகணும்னு செத்துப் போற வரைக்கும் ஓடும். மறுநாள் காலையில அவன் படுக்கையை விட்டு எந்திரிக்கிறதை ஒளிஞ்சு நின்னு பாருங்க. முன்னங்காலை நீட்டி, முதுகை வளைச்சு, சோம்பல் முறிச்சு எந்திரிச்சா சரி. பின்னங்காலை இழுத்து, ரெண்டு எட்டு நொண்டி, அப்புறம் சரியானா நேத்து கொடுத்தது அதிகம். நான் எத்தனையோ புது ஹேண்ட்லருங்களுக்கு இந்த ஒண்ணைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொண்ணு, வாய். வீட்டுக்கு வந்ததும் இளைச்சுக்கிட்டு இருப்பான். எத்தனை நிமிஷத்துல வாயை மூடுறான்னு பாருங்க. பத்து நிமிஷத்துக்குள்ள மூடினா நல்லது. நடக்கும்போது நாக்கு நுனி கரண்டி மாதிரி அகலமா விரிஞ்சு, நிறம் கருஞ்சிவப்பா மாறினா அந்த இடத்துலயே நிறுத்துங்க. நாய்க்கு நம்ம மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்துல கொஞ்சம், மிச்சமெல்லாம் இளைப்புதான். காத்துல ஈரம் அதிகமா இருந்தா எவ்வளவு இளைச்சாலும் சூடு இறங்காது. அதனால மழை பெஞ்சு வெயில் அடிக்கிற புழுக்கத்துல வறண்ட வெயிலை விடப் பயப்படணும்.

சூடு ஏறி தள்ளாடினா ஈரச் சாக்கைப் போர்த்தாதீங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. சாக்கு சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். சாதாரணத் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்திக்கிட்டே இருங்க, விசிறுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி.

கழுத்துப் பட்டையில கட்டி இழுக்காதீங்க, நெஞ்சைச் சுத்திக் கட்டுற ஹார்னஸ் வாங்குங்க. கழுத்து நெரிஞ்சா மூச்சு எங்கே போகும்? நகம் தரையில டக் டக்னு சத்தம் போட்டா நீளம்னு அர்த்தம், வெட்டுங்க. நீள நகத்தோட நடக்கிறது நாம சின்னச் செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி. உங்க ஊர் ரோட்டோரம் நெருஞ்சி முள் இருக்கும். திரும்பினதும் விரல் சந்து ஒவ்வொண்ணையும் விரிச்சுப் பாருங்க.

தம்பி சிவகாசி, வண்டி பின்னாடி கட்டுனா வேகத்தை முடிவு பண்றது யாரு? ஆக்ஸிலேட்டர். நாய் நிக்கணும்னு நினைச்சா நிக்க முடியுமா? உங்க சிப்பிப்பாறை கொடுத்து வெச்சது, எலும்பும் தோலுமா இருக்கிறதால தாங்குது. 41 கிலோ லேப் ஒரு நாள்ல மூட்டு போயிடும், இல்ல சூடு தாங்காம உசுரே போயிடும். உங்க நாயையும் அப்படிச் செய்ய வேணாம்.


கிரிவலப் பாதைக்காரன் (ஜனவரி 20)

டீச்சர், நானும் நம்ம ஊருதான், குபேர லிங்கம் பக்கம். எல்லாரும் சீசரோட தம் பத்தியே பேசுறாங்க. பாதையில இருக்கிற நாய்ங்களை யாரும் சொல்லல. ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு கூட்டம் இருக்கு. பக்தருங்க பிஸ்கட் போட்டுப் போட்டு எல்லாம் தெம்பாத்தான் இருக்கு. ஒரு கூட்டத்தோட எல்லை முடிஞ்சு அடுத்த எல்லை ஆரம்பிக்கிற இடத்துலதான் சண்டை. உங்க சீசர் யம லிங்கம் தாண்ட மாட்டேங்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அங்கே வாலை எப்படி வைக்கிறான்னு பாருங்க. வெறிநாய் தடுப்பூசி போட்ட தேதியை இன்னொரு தடவை சரி பார்த்துக்குங்க.

அப்புறம் நாய் கிரிவலம் போறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. ஸ்கந்தாசிரமத்துல பகவான் ரமணர் இருந்த காலத்துல கமலான்னு ஒரு பெண் நாய் இருந்துச்சாம். புதுசா யாராச்சும் வந்தா, இவரை மலை சுத்திக் கூட்டிட்டுப் போய்ட்டு வான்னு சொல்வாராம். அது முன்னாடி நடந்து, வழியில இருக்கிற ஒவ்வொரு குளம், ஒவ்வொரு சாமி கிட்டயும் நின்னு காட்டிக் கூட்டிட்டு வருமாம். ஆசிரமத்துக்குள்ள லட்சுமி பசுவோட சமாதி பக்கத்துல ஜாக்கின்னு இன்னொரு நாய்க்குச் சமாதியே இருக்கு, பார்த்திருப்பீங்க. ஆனா கமலா இட்லி அஞ்சு தின்னுருக்காதுன்னு நினைக்கிறேன்.


கணக்கு டீச்சர் (ஜனவரி 25)

எல்லோருக்கும் நன்றி. ஹேண்ட்லர் ஐயா கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம். டீக்கடையில் அவனுக்கு வர்க்கி கிடைக்கிறது. அவன் உட்கார்ந்ததும், சரி இளைப்பாறட்டும் என்று நானும் ஒரு டீ சொல்லுவேன். கடைக்காரர் அவனுக்கு இரண்டு வர்க்கி போடுவார். நான் காசு கொடுப்பேன். மூன்று மாதமாக இது நடக்கிறது. நீங்கள் கேட்கும் வரை இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு "கொடுக்கப்பட்டவை எவை, முதலில் எழுது" என்று சொன்னவள்.

ரத்தம் பார்த்தாயிற்று. தட்டணுக்கள் சரி, தைராய்டும் சரி. இடுப்பை அசைத்துப் பார்த்தார்கள், வலியில்லை. விலா எலும்பு எனக்குத் தட்டுப்படவே இல்லை. உள்ளங்கை அல்ல, தலையணை. அரிசி மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தேன். 41 கிலோ 200 கிராம். மண்டிக்காரர் விலை கேட்டார்.

கணக்கும் போட்டுவிட்டேன். 30 நிமிஷம், வாரம் 10 சதவீதம். கூட்டு வட்டிதான். 12 வாரத்தில் 94 நிமிஷம் வருகிறது. முழு கிரிவலத்துக்கு அவன் நடையில் 200 நிமிஷமாவது வேண்டும். அதற்கு 20 வாரம். ஆனால் 20 வாரம் என்றால் கத்திரியைத் தாண்டி ஜூன். இடையில் வெயில் வரும் என்பதைச் சமன்பாட்டில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டீக்கடையை என்ன செய்ய?


ஓய்வு ஹேண்ட்லர் (ஜனவரி 25)

கேட்டதும் சிரிச்சுட்டேன் அம்மா, மன்னிச்சுக்குங்க. அவன் உங்களுக்கு நல்லா ட்ரெயினிங் கொடுத்திருக்கான்.

மூணு வாரத்துக்கு அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க. முதல்ல 15 நிமிஷம்தானே, கடைக்கு முன்னாடியே திரும்பிடுவீங்க. அப்புறம் போகும்போது ரோட்டுக்கு எதிர்ப்புறமா, நிக்காம, பேசாம போங்க. கடைக்காரரிடமும் சொல்லி வைங்க. நாயைக் கூப்பிடுறதே அவர்தான்னு நினைக்கிறேன். கடை தாண்டி ஐம்பது எட்டு வெச்சதும், நடந்துகிட்டே இருக்கும்போது, வாயில ஒரு துண்டு. வெள்ளரிக்காய் போதும். நின்னு கொடுத்தா நிக்கக் கத்துக்குவான், நடக்கும்போது கொடுத்தா நடக்கக் கத்துக்குவான். உட்கார்ந்தா திரும்பாதீங்க, இழுக்கவும் வேணாம். நீங்களும் நில்லுங்க, எங்கேயோ பாருங்க. அவனா எந்திரிச்சதும் ரெண்டு எட்டு முன்னாடி வைங்க, அப்புறம் வேணா திரும்பலாம். ஆனா ஒரு விஷயம். நாக்கு விரிஞ்சு, கண்ணு சொருகின மாதிரி இருந்தா பாடம் நடத்துற நேரம் இல்ல அது. தண்ணி கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

சாப்பாட்டுல கால் பங்கைக் கழிங்க. வயிறு காலியா இருக்குன்னு அவன் நினைக்காம இருக்க பீன்ஸ், பூசணி, கேரட் வேக வெச்சுப் போடுங்க. வெங்காயம் போட்ட குழம்பு ஊத்தாதீங்க, நாய்க்கு ரத்தம் கெடும். வாரத்துக்கு 400 கிராம் இறங்கினாலே போதும், அவசரப்படாதீங்க. சாப்பிட்ட உடனே நடக்க வேணாம். நடந்துட்டு வந்ததும் ஒரு மணி நேரம் கழிச்சுச் சோறு.

பாட்டிக்கு வெள்ளரிக்காயை நீங்களே நறுக்கிக் கொடுத்துடுங்க. அவங்க கொடுக்கிற சந்தோஷத்தைக் கெடுக்க முடியாது, கொடுக்கிற பொருளை மாத்தலாம்.


சிவகாசி வேட்டை (ஜனவரி 26)

ஹேண்ட்லர் அண்ணாச்சி, நேத்து வண்டியில கட்டாம நடத்திப் பார்த்தேன். ரெண்டும் 300 மீட்டர் அம்பு மாதிரிப் பாஞ்சு ஓடுச்சு, அப்புறம் நாலு கிலோமீட்டர் என் கூட நடக்க மாட்டேன்னு படுத்துக்கிச்சு. எக்ஸ்எல் பின்னாடி ஓடுனதெல்லாம் கயிறு இழுத்ததாலதான் போல. வேட்டை நாய்க்குத் தம் இல்லையா என்ன?


ஓய்வு ஹேண்ட்லர் (ஜனவரி 26)

முயலைப் பிடிக்க ஒரு நிமிஷப் பாய்ச்சல் போதும் தம்பி. அதுக்குத்தான் அந்த உடம்பு. நீண்ட நடை அதுக்கு வேற பாடம். நீங்களும் டீச்சர் கூட முதல் வாரத்துல இருந்து ஆரம்பிங்க.


கணக்கு டீச்சர் (மார்ச் 3)

ஒரு தப்பு செய்துவிட்டேன். திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஐந்தாம் வாரம். அட்டவணைப்படி நீள நடை 44 நிமிஷம். டீக்கடைப் பிரச்சினை தீர்ந்து, எதிர்ப்புறமாகக் கம்பீரமாகக் கடந்துபோகிறான். அன்றைக்குக் குளிர்ந்த காற்று, மலைக்கு மேலே நிலா, அவன் வால் ஆட்டிக்கொண்டே முன்னால் போகிறான். இவ்வளவு உற்சாகமாக இருக்கிறானே என்று செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதை பிரிகிற இடத்தையும் தாண்டிவிட்டோம். திரும்பியபோது மொத்தம் 75 நிமிஷம். வழி முழுக்க ஒரு குறையும் இல்லை. வாய் மூடும் நேரம்கூட ஒன்பது நிமிஷம்தான் (நோட்டில் தனிப் பத்தி போட்டு எழுதுகிறேன்).

மறுநாள் காலை கதவு மறைவில் நின்று பார்த்தேன். முன்னங்கால் எழுந்தது, பின்னங்கால் எழவில்லை. மூன்று முறை முயன்றான். அப்புறம் சுவரில் உடம்பைச் சாய்த்து எழுந்தான். நொண்டிக்கொண்டே வந்து என் காலடியில் வாலை ஆட்டினான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, மூட்டில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், ஓய்வு கொடுங்கள் என்றார். நம்ம வலி மாத்திரை எதையும் கொடுத்துவிட வேண்டாம், நாய்க்கு அது விஷமாகும் என்றும் எச்சரித்தார். வீட்டில் ஒரு மாத்திரை எடுத்துக் கையில் வைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஐந்து நாள் தெருமுனை வரைக்கும் மட்டும். இப்போது சரியாகிவிட்டான். மறுபடி எங்கிருந்து தொடங்குவது?


ஓய்வு ஹேண்ட்லர் (மார்ச் 3)

திட்ட மாட்டேன். நானும் செஞ்சிருக்கேன், என் முதல் நாய்க்கு. 44ல இருந்து தொடங்காதீங்க, 35. ரெண்டு வாரம் அங்கேயே நில்லுங்க. நிலா நல்லா இருந்தா நீங்க மட்டும் தனியா ஒரு நாள் போய்ப் பாருங்க.


கால்நடை மாணவி (மார்ச் 4)

அந்த மாத்திரையைக் கொடுக்காம இருந்தீங்களே மேம், ரொம்ப நன்றி. ஐப்யூப்ரோஃபென், பாரசிட்டமால் எதுவுமே வீட்டுல இருக்குன்னு கொடுத்துடக் கூடாது.

தெரிஞ்சவங்க தோட்டத்துல பம்ப்செட் தொட்டி இருந்தா, வாரம் ஒரு நாள் இறக்கி விடுங்க. நீச்சல்ல மூட்டுக்குப் பாரம் இல்லாம தசை ஏறும். அஞ்சு நிமிஷம் போதும். ஏறி வர படி இருக்கணும், நீங்க கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். தேங்கின ஏரித் தண்ணி வேண்டாம்.


கணக்கு டீச்சர் (ஏப்ரல் 12)

கணக்கு ஒப்படைக்கிறேன்.

எடை 37 கிலோ 100. பதினோரு வாரத்தில் நாலு கிலோ 100 கிராம் இறங்கியிருக்கிறது. விலா எலும்பு கொஞ்சம் அழுத்தினால் தெரிகிறது. தலையணையிலிருந்து உள்ளங்கைக்கு வந்திருக்கிறான். மண்டிக்காரர், "என்ன டீச்சர், தேஞ்சுட்டான்" என்கிறார். பாட்டிக்கு நான் கொடுத்த வெள்ளரிக்காயில் பாதியை அவரே சாப்பிட்டுவிடுவதாகத் தகவல்.

நீள நடை இப்போது 50 நிமிஷம். அட்டவணையில் 85 வந்திருக்க வேண்டும், நான் செய்த தப்பால் 35 குறைவு. தம்பி வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் நீந்த விட்டேன். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு வெளியே வர மாட்டேன் என்றான், அது வேறு பிரச்சினை.

தொங்கலாக இருந்த இன்னொரு விஷயம். வெயில் ஏறிவிட்டது. ஆறரைக்கெல்லாம் ரோடு சுடத் தொடங்குகிறது. புறங்கையைத் தாரில் வைத்துப் பார்க்கிறேன், ஏழு எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் அவன் காலும் அங்கே கூடாது. அதனால் மூன்றே முக்காலுக்குக் கிளம்பி, ஐந்தரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மே 4-ல் கத்திரி பிறந்தால் பாதியாகக் குறைத்துவிடப்போகிறேன். ஐயா சொல்லாமலே முடிவு செய்தது.

14 கிலோமீட்டர் ஆசையை விட்டுவிட்டேன். கமலா போயிருக்கலாம், சீசர் வேறு பிறவி. இப்போது செய்வது இதுதான்: இருவரும் நடந்து நிருதி லிங்கம் தாண்டிப் போவோம். 50 நிமிஷம் முடிகிற இடத்தில் ஆட்டோ. வீட்டில் அவனை இறக்கி, தண்ணீர் வைத்துவிட்டு, அதே ஆட்டோவில் நான் திரும்பிப்போய் விட்ட இடத்திலிருந்து மீதியைச் சுற்றி வருகிறேன். இப்படிச் சுற்றினால் புண்ணியம் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். செலவுதான் கட்டுப்படியாகவில்லை. ஆட்டோக்காரர் சீசருக்கும் சேர்த்து இரண்டு ஆள் கணக்குக் கேட்கிறார். முதல் நாள் டீக்கடையில் நின்று சிரித்த அதே ஆள்.


கிரிவலப் பாதைக்காரன் (ஏப்ரல் 12)

டீச்சர், அவரை விட்டுடுங்க. அடி அண்ணாமலை ஸ்டாண்டுல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், அவர் வீட்டுலயே ரெண்டு நாய். சீசருக்குக் காசு வாங்க மாட்டார். ஆனா பின் சீட்டுல ஏத்தும்போது குதிக்க விடாதீங்க, பின்னங்காலைத் தாங்கி ஏத்துங்க. நாளைக்குக் காலையில நாலே முக்காலுக்கு நிருதி லிங்கம் கிட்ட நிக்கச் சொல்லட்டுமா?


கணக்கு டீச்சர் (ஏப்ரல் 12)

நாளைக்கு வேண்டாம். இன்றைக்கு நீள நடை, நாளை பாதி. புதன்கிழமை சொல்லுங்கள். அவருக்கு வர்க்கி கொடுக்கிற பழக்கம் இல்லையே?